"சிலந்தி கடிச்சுப்போட்டுது": பிள்ளையின் தடிப்பும் வீட்டு வைத்தியமும்

போன மார்கழியில் ஒருநாள் காலை, அக்காவின் நாலு வயது மகள் ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் எழும்பி வந்தாள். மேலிமை உழுந்துவடை மாதிரி உப்பிப் பளபளத்தது. காய்ச்சல் இல்லை, அழுகை இல்லை, பிஸ்கட் கேட்டாள். அம்மம்மா ஒரு பார்வையிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "சிலந்தி கடிச்சுப்போட்டுது." வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி சுண்ணாம்பு பூசச் சொன்னார். பெரியப்பா விசகடி வைத்தியரிடம் கொண்டுபோவோம் என்று சாரத்தை மடித்துக் கட்டினார். படத்தை வட்ஸ்அப்பில் பார்த்த கனடாச் சித்தி, தசை அழுகி ஓட்டை விழுந்த ஏதோ ஒரு அமெரிக்கக் காலின் படத்தைத் திருப்பி அனுப்பி, "இப்பிடி ஆகப்போகுது, உடன ஓடுங்கோ" என்று எழுதினார்.

கால் மணித்தியாலத்துக்குள் நாலு யோசனை வந்துவிட்டது. சிலந்தியை யாராவது கண்டீர்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒருவரும் காணவில்லை என்பதுதான் பதில்.

பூச்சிக்கடி பற்றி எங்கள் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான். தடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கடித்தது எது என்பது ஊகம், அந்த ஊகத்தின் மேல் மருந்து. எந்த மருந்து நல்லது என்று சண்டை பிடிக்க முதல், தோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி மருந்துகள் தாமாகவே விழுந்துவிடும்.

"கடிக்குது" என்றால் என்ன?

முதல் சிக்கல் எங்கள் பேச்சிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை "அம்மா, கை கடிக்குது" என்றால் அரிக்கிறது என்று அர்த்தம். தலை கடிக்குது, முதுகு கடிக்குது, புதுச் சட்டை கடிக்குது, எல்லாம் அரிப்புத்தான். ஆனால் பதற்றத்தில் இருக்கும் பெரியவர் காதில் அது "ஏதோ கடித்தது" என்று விழும். வியர்க்குரு, சொறி, சாப்பாட்டு ஒவ்வாமை என்று எத்தனையோ இப்படித்தான் பூச்சிக்கடி ஆகின்றன.

"சிலந்தி"யும் அப்படித்தான். பழைய தமிழில் சிலந்தி என்பது எட்டுக்கால் பூச்சிக்கு மட்டுமான பெயர் அல்ல, கட்டிக்கும் புண்ணுக்கும் கூட அதே சொல். காலில் புண் வந்து அதற்குள்ளிருந்து நூல்போல் புழு வெளிவரும் நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள், அதில் எந்தச் சிலந்திக்கும் பங்கில்லை. காரணம் தெரியாத கட்டியைக் கண்டவுடன் சிலந்தி நினைவுக்கு வருவதில் மொழிக்கும் ஒரு கை இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே பேச்சு வழக்கில் ஒரு நன்மையும் உண்டு. கடிக்குது, எரியுது, நோகுது: பிள்ளை இந்த மூன்றில் எதைச் சொல்கிறது என்று கவனித்தால், பூச்சியைக் காணாமலே கொஞ்சம் ஊகிக்கலாம். நூற்றுக்கு நூறு சரிவராது. ஆனாலும் தடிப்பின் வடிவத்தைப் பார்த்து "இது இன்ன பூச்சி" என்று சொல்வதைவிட நம்பகமானது. தடிப்பைப் பார்த்து மட்டும் பூச்சியின் பெயரைச் சொல்ல வைத்தியராலும் பெரும்பாலும் முடியாது.

கள்ளனும் வெங்காயப் பாத்தியும்

அரிப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எங்கள் வீடுகளில் பத்துக்கு எட்டு முறை கதை அதுதான். எட்டு என்பது என் கணக்கு, ஆய்வு அல்ல.

இரவில் ஒரு தோட்டத்துக்குள் கள்ளன் பூந்து ஒரு வாழைக்குலையை வெட்டுகிறான் என்று வையுங்கள். யாரோ "கள்ளன், கள்ளன்" என்று கத்த, அயலெல்லாம் ரோர்ச் லைற்றோடும் பொல்லோடும் ஓடி வந்து இருட்டில் தேடு தேடென்று தேடுகிறது. விடியப் பார்த்தால் களவு போனது ஒரு குலை, மிதிபட்டு நாசமானது நாலு பரப்பு வெங்காயம். வெங்காயத்தை மிதித்தது கள்ளன் அல்ல, காப்பாற்ற வந்த சனம்.

நுளம்பு கடிக்கும்போதும் இதுதான் நடக்கிறது. இரத்தம் உறையாமல் உறிஞ்சுவதற்காக நுளம்பு தன் உமிழ்நீரைக் கொஞ்சம் தோலுக்குள் விடுகிறது. அந்த அளவு உமிழ்நீரால் பெரிய கேடு எதுவும் இல்லை. ஆனால் தோலுக்குள் காவல் நிற்கும் சில உயிரணுக்கள் அதை அந்நியப் பொருள் என்று கண்டு ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. ஹிஸ்டமின் என்பது உடம்பே செய்துகொள்ளும் ஓர் அபாய அறிவிப்புப் பொருள், அந்தக் "கள்ளன்" என்ற கத்தல் போல. அது இரத்தக் குழாய்களை விரிக்கிறது, தோல் சிவக்கிறது. குழாய்ச் சுவரிலிருந்து நீர் கசிகிறது, இடம் வீங்குகிறது. நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது, அரிக்கிறது.

ஆகவே நீங்கள் பார்க்கும் தடிப்பில் பெரும்பங்கு பூச்சி செய்தது அல்ல, பிள்ளையின் உடம்பு செய்தது. இமையிலும் உதட்டிலும் தோல் மெல்லிசாகவும் தளர்வாகவும் இருப்பதால் அங்கே நீர் எளிதில் தேங்கும். அதனால்தான் கையில் கடித்தால் சுண்டைக்காய் அளவு வருகிற நுளம்புத் தடிப்பு இமையில் உழுந்துவடை ஆகிறது.

"எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளைக்கு மட்டும் ஏன்?"

ஒரே பாயில் படுத்தோம், என்னைக் கடிக்காத நுளம்பா பிள்ளையைக் கடித்தது, ஆகவே இது நுளம்பு இல்லை என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நுளம்பு இருவரையும் கடித்திருக்கும். அயலுக்கு அந்தக் கள்ளனோடு எவ்வளவு பழக்கம் என்பதுதான் வித்தியாசம்.

பிறந்து சில மாதமான குழந்தைக்கு முதல் சில கடிகளில் ஒன்றுமே வராமல் போகலாம், உடம்பு அந்த உமிழ்நீரை இன்னும் அடையாளம் காணப் பழகவில்லை. சில கடிகளுக்குப் பிறகு பழகிவிடும். அதன் பிறகு பூனை நடந்தாலும் பொல்லோடு ஓடி வருகிற அயல் மாதிரி மிகையாகப் பாயும். ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரை இந்த மிகை தூக்கலாகத் தெரியும். சில பிள்ளைகளுக்கு ஒரு புதிய கடி பட்டவுடன், ஆறிப்போன பழைய தடிப்புகளும் சேர்ந்து சிவந்து அரிக்கும். "இரவோடு இரவாகப் பத்து இடத்தில் கடித்துவிட்டது" என்று நாம் எண்ணுவதில் சில, போன கிழமைக் கடிகள். வருசக்கணக்கில் கடிபட்ட பெரியவர்களின் உடம்பு பெரும்பாலும் சலித்து அடங்கிவிடுகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: அரிக்கும் தடிப்பு என்றால் உடம்பின் ஆரவாரம். அதை அடக்குவதுதான் வைத்தியம், "விஷத்தை எடுப்பது" அல்ல, ஏனென்றால் எடுக்க அங்கே விஷமே இல்லை.

சிலந்திமேல் ஏன் இவ்வளவு பழி?

வீட்டுச் சுவரில் கைவிரித்தமாதிரித் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே ஒரு பெரிய மண்ணிறச் சிலந்தி, வயிற்றுக்குக் கீழே வெள்ளை வட்டக் காசு போன்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு? அந்த வட்டம் அதன் முட்டைப் பை. கரப்பானைப் பிடித்துத் தின்று வாழ்கிற பிராணி அது. நாம் கையால் நசுக்கினால் ஒழியப் பிள்ளையைத் தேடி வந்து கடிக்க அதற்கு ஒரு தேவையும் இல்லை. நுளம்புக்கு நம் இரத்தம் சாப்பாடு. சிலந்திக்கு நாம் சாப்பாடு அல்ல. பெரும்பாலான சிறிய சிலந்திகளின் பற்கள் நம் தோலைத் துளைக்கும் வலுவுள்ளவையும் அல்ல.

சித்தி அனுப்பிய படத்தின் கதை வேறு. அமெரிக்காவின் நடு, தென் பகுதிகளில் ஒரு பழுப்புச் சிலந்தி உண்டு, அதன் கடியால் சிலருக்குத் தோல் அழுகுவது உண்மை. இணையத்தில் உள்ள சிலந்திக்கடி எழுத்தில் பெரும்பகுதி அந்தச் சிலந்தியை வைத்தே எழுதப்பட்டது. அங்கேயே கூட "சிலந்திக்கடி" என்று வரும் புண்களில் பல, கடைசியில் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமியால் வந்த சாதாரணச் சீழ்க்கட்டி என்று தெரியவருகிறது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கோண்டாவிலில் இருக்கிற பிள்ளையின் இமைக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

எங்கள் பக்கத்தில் மதிக்க வேண்டிய சிலந்தி ஒன்று இருக்கிறது, புலிமுகச் சிலந்தி. மயிர் அடர்ந்த, கையளவு பெரிய, மரப்பொந்துகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் ஒளிந்திருக்கும் வகை. இதே குடும்பத்தில் மாங்குளப் பக்கம் கிடைத்த ஒன்றை 2012இல் புதிய இனமாக விவரித்து, தேடலுக்கு உதவிய ஒரு பொலிஸ் அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இது கடித்தால் கடும் நோ வரும், சிலருக்குப் பிறகு தசைப்பிடிப்பும் வரும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் இது கடித்தால் யாருக்கும் சந்தேகம் இருக்காது. பிள்ளை வீரிட்டுக் கத்தும், சிலந்தியும் பக்கத்திலேயே நிற்கும். காலையில் எழும்பிக் கண்டுபிடிக்கிற கடி அல்ல இது.

"எரியுது"

எரிவு என்றால் தோலின் மேலே ஏதோ பட்டிருக்கிறது என்று முதலில் நினையுங்கள்.

முருங்கை மரத்து மயிர்க்கொட்டியை எல்லோருக்கும் தெரியும். அது கடிப்பதில்லை, அதன் மயிர்கள் தோலில் குத்தி முறிந்து நிற்கின்றன. இந்த நேரம் தேய்ப்பதுதான் பெரிய தவறு, தேய்க்கத் தேய்க்க மயிர் உள்ளே இறங்கும். ஒட்டுகிற ரேப்பை அந்த இடத்தில் ஒட்டி இழுங்கள், புதுத் துண்டு எடுத்து இரண்டு மூன்று தரம் செய்யுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி உடுப்பையும் மாற்றுங்கள். கண்ணில் மயிர் பட்டிருந்தால் வீட்டில் ஒன்றும் செய்யாமல் கண் வைத்தியரிடம் போக வேண்டும்.

மாமரத்து முசுறு தாடையால் கடித்து, கடித்த இடத்தில் பார்மிக் அமிலத்தைப் பீச்சும். அமிலம் தோலின் மேலேயும் கிடப்பதால் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினாலே பாதி எரிவு போய்விடும்.

மூன்றாவது ஆள்தான் சுவாரசியமானவன். மழை தொடங்கியதும் ரியூப் லைற்றைச் சுற்றி வரும் ஒரு சின்ன வண்டு, அரை அங்குலத்துக்கும் குறைவு, கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி, பார்க்கப் பெரிய எறும்பு மாதிரி. கடிக்கவும் மாட்டாது, கொட்டவும் மாட்டாது. ஆனால் கழுத்தில் ஊரும்போது கையால் அடித்து நசுக்கினால் அதன் உடலுக்குள் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் படும். உடனே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்து, நசுக்கி இழுத்த அதே கோட்டில் சுட்டது போலச் சிவந்து சின்னக் கொப்புளங்கள் வரும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இரு பக்கமும் அச்சு வைத்தமாதிரி ஒரே புண். "இரவு சிலந்தி ஊர்ந்தது, மூத்திரம் பெய்தது" என்று ஊரில் சொல்வதில் ஒரு நல்ல பங்கு இந்த வண்டினுடையது. ஊரும்போது ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்த பிறகு அது சுட்ட புண் போலத்தான், சுத்தமாக வைத்திருந்தால் ஆறும், கண்ணுக்குப் பக்கம் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இப்போது வீட்டு வைத்தியத்துக்கு வருவோம்

ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் போதும்: இந்த மருந்து உடம்பின் ஆரவாரத்தை அடக்குமா, இல்லை புதுச் சண்டை ஒன்றைத் தொடக்குமா?

குளிர் அடக்கும். விரிந்த இரத்தக் குழாய்கள் சுருங்கும், கசிவு குறையும், நரம்பும் கொஞ்சம் விறைத்து அரிப்பை மறக்கும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். நேரே தோலில் வைத்தால் சின்னப் பிள்ளையின் தோல் குளிரிலும் புண்ணாகும். வீட்டில் ஐஸ் இல்லையா, மண்பானைத் தண்ணீரில் நனைத்த துவாய் போதும். கலமைன் பூசலாம். கற்றாழைச் சோறு வைக்கிறார்கள், அதில் குளிர்ச்சி உண்மை, சுத்தமாகக் கழுவி வைத்தால் பெரிய தீங்கில்லை. அரிப்பு தாங்காமல் பிள்ளை நித்திரை கொள்ளாவிட்டால் ஹிஸ்டமினைத் தடுக்கும் பாணி மருந்துகள் இருக்கின்றன, ஆனால் பெரியவருக்கு வாங்கிய குளிசையைப் பாதியாய் உடைத்துக் கொடுக்காமல், வயதையும் நிறையையும் சொல்லி வைத்தியரிடமோ பாமசியிலோ அளவு கேளுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். பிள்ளைகளின் பூச்சிக்கடி புண்ணாவதற்குப் பூச்சியைவிட நகம்தான் அதிகம் காரணம்.

அடுத்தது சுண்ணாம்பு. "தேனீயின் விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்து சமனாகும்" என்று பள்ளிக்கூட விஞ்ஞானம் கலந்த ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருக்கும். தேனீ விஷம் புரதங்கள் பல சேர்ந்த கலவை, அமிலத்தன்மை அதில் ஒரு சின்ன அம்சம். அதோடு அது தோலுக்குக் கீழே போய்விட்டது. ஊசி போட்ட பிறகு மேல்தோலைத் தேய்த்து மருந்தை வெளியே எடுக்க முடியுமா? அதே கதைதான். அப்பச்சோடாவும் வினாகிரியும் தோல்மேலேயே நிற்கும். சுண்ணாம்பு நிற்பதோடு விடாது: காரத்தன்மை பி.எச். அளவில் 12ஐத் தாண்டும், பிள்ளையின் தோலைப் பொசுக்கும். கடியின் தழும்பு என்று சிலர் காட்டுவது சுண்ணாம்பின் தழும்பாகவும் இருக்கலாம்.

உள்ளியை அரைத்துக் கட்டுவதும் இப்படித்தான் பொசுக்கும். தேசிக்காய்ப் புளி பூசிவிட்டு முற்றத்து வெயிலில் விளையாட விட்டால், அந்தப் புளியும் வெயிலும் சேர்ந்து கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தடமும் வரும். மண்ணெண்ணெய் தோலையும் எரிக்கும், அது இருந்த போத்தலைப் பிள்ளை வாயில் வைத்தால் நுரையீரலையும் கெடுக்கும். கற்பூரம் கலந்த தைலங்களைக் கைக்குழந்தைக்குப் பூசாதீர்கள், விரலை நக்கினால் உள்ளே போகிற கற்பூரம் வலிப்பை வரவழைக்கக் கூடியது. சாணம், சாம்பல் பற்றிச் சொல்லவே தேவையில்லை, ஏற்புவலிக் கிருமி வாழ்கிற இடம் அது.

மஞ்சளும் வேப்பிலையும்? அம்மம்மாவோடு நான் இதில் சண்டை பிடிப்பதில்லை. உடையாத தோலில் மெல்லியதாகப் பூசினால் அநேகமாகத் தீங்கில்லை. ஒரே ஒரு குறை, மஞ்சளையும் திருநீற்றையும் அப்பிவிட்டால் அடியில் சிவப்பு பரவுகிறதா என்று தெரியாது. நான் செய்வது, தடிப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதி ஒரு படம் எடுத்துவைப்பது. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் பரவுகிறதா இல்லையா என்ற வாக்குவாதம் முடிந்துவிடும்.

சரி, இவ்வளவு தப்பான மருந்துகள் ஏன் "வேலை செய்தன" என்று பேர் எடுத்தன? பெரும்பாலான தடிப்புகள் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் தாமாகவே வற்றும். அந்த நேரத்தில் எதைப் பூசியிருந்தீர்களோ அதற்குப் பேர் போகும். எங்கள் அயலில் ஒரே கடிக்கு மூன்று வீட்டில் மூன்று மருந்து, மூன்றுமே "கைகண்டது".

"நோகுது"

கொட்டினால் நோகும், அதுவும் அந்தக் கணத்திலேயே. தேனீ கொட்டினால் கொடுக்கும் விஷப்பையும் தோலிலேயே நின்று சில விநாடிகள் விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டுவதா, விரலால் கிள்ளுவதா என்று விவாதம் இருக்கிறது, முக்கியம் வேகம்தான், எப்படியாவது உடனே எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, ஆகவே திரும்பத் திரும்பக் கொட்டும். பனையில் கூடு கலைந்து பிள்ளைக்குப் பல இடத்தில் கொட்டியிருந்தால், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அவ்வளவு விஷம் சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

தேள் விசயத்தில் யாழ்ப்பாணத்தார் மற்ற ஊர்க்காரரைவிடக் கவனமாக இருக்க வேண்டும். பெரிய கறுப்பு நட்டுவக்காலியைக் கண்டால் எல்லோரும் பதறுவோம், அதன் இடுக்கி பெரிது, விஷம் ஒப்பீட்டில் இலேசு. பயப்பட வேண்டியது இளஞ்சிவப்போ மண்ணிறமோ ஆன சின்னச் செந்தேள். மெல்லிய இடுக்கி, தடித்த வால். இந்தியாவில் பிள்ளைகளைக் கொன்ற அதே இனம், இலங்கையில் முக்கியமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில்தான் இருக்கிறது. கல்லுக்கு அடியில், கிடுகு அடுக்கில், விறகுக் குவியலில், சில வேளை வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துக்குள்ளும்.

அதன் விஷம் நரம்புகளின் குழாயைத் திறந்துவிட்டது போல, உடம்பின் பரபரப்புச் சுரப்புகளை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டவைக்கும். பிள்ளை வியர்த்து ஒழுகும், சத்தி எடுக்கும், கை கால் குளிரும், நெஞ்சு படபடக்கும். பிறகு இதயமே களைத்துவிடலாம். பெரியவருக்கு ஏறுகிற அதே அளவு விஷம் பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கும் ஏறுகிறது, அதனால்தான் பிள்ளைகளுக்கு ஆபத்துக் கூட. மகாராட்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வேலை செய்த பவாஸ்கர் என்ற வைத்தியர், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் என்ற மலிவான குளிசை இதில் உயிர் காக்கும் என்று 1980களில் காட்டினார். எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் அதுதான் கைகொடுக்கிறது. வேளைக்குக் கொடுத்தால்தான் பலன். தேள் கொட்டிய பிள்ளையை வீட்டில் வைத்து வெங்காயம் தேய்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் இந்தக் குளிசையிடமிருந்து திருடிய நேரம்.

மறுபடி ஒருமுறை: அரித்தால் குளிரும் பொறுமையும், எரிந்தால் முதலில் தோலிலிருந்து அகற்றுவதும் கழுவுவதும், கொட்டி நொந்தால் கொட்டியது எது என்று பார்ப்பதும், தேள் என்றால் உடனே புறப்படுவதும்.

ஒன்றுமே சொல்லாத கடி

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் இந்தப் பகுதி.

கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும் பாம்பு. நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை நித்திரையிலேயே கடிக்கும். பல் மிகச் சின்னது, கடி பல வேளைகளில் நோகாது, வீங்காது, அடையாளம் கூடத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளை எழும்பி "ஏதோ சுள்ளெண்டது" என்று சொல்லும், நாம் விளக்கைப் போட்டுப் பார்த்து "எறும்பு, படு" என்போம். ஓரிரு மணித்தியாலத்தில் வயிற்றுக்குத்து, சத்தி. பிறகு இமை இரண்டும் தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி போகிற வழியை அடைக்கிறது.

அக்காவின் மகளுக்கு ஒரு இமை வீங்கியிருந்தது. வீங்கிய இமை வேறு, தொங்கும் இமை வேறு. வீங்கிய இமை தடித்திருக்கும். தொங்கும் இமை மெல்லிசாகவே இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் கீழே சரிந்து, பிள்ளை தலையை அண்ணாந்து பார்க்கும். அதைக் கண்டால் எந்தப் பூச்சி என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஓடுங்கள். இரவில் நிலத்தில் படுத்த பிள்ளை விடியுமுன் வயிற்றுநோ என்று எழும்பினாலும் கடியை நினைத்துப் பாருங்கள்.

கட்டுப் போட்டு இறுக்கவோ, கீறவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். இறுக்கிய கட்டு கையையே பறிக்கும், கீறல் இரத்தத்தை மட்டும் வெளியே எடுக்கும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துக் கொண்டுபோங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் பாவிக்கிறார்கள், ஆகவே பாம்பைத் தேடிப் பிடிக்கத் தேவையில்லை.

பெரியப்பா பார்வை பார்க்க வேண்டும் என்றால்? பயந்த பிள்ளைக்கு ஒரு வயதானவர் தலையைத் தடவி மந்திரம் சொல்வது ஆறுதல் தரும், நான் மறுக்கவில்லை. பார்க்கிறவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பார்க்கட்டும். இங்கே கொல்வது மந்திரம் அல்ல, அதற்காகக் காத்திருந்த இரண்டு மணித்தியாலம்.

உடம்பு முழுக்க ஆரவாரம் எழும்பினால்

கள்ளன் கதைக்கு ஒருமுறை திரும்புவோம். சில பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குளவி கொட்டியதும் ஓர் அயல் மட்டுமல்ல, ஊர் முழுவதும் பொல்லெடுத்துவிடும். இதுதான் அனபிலக்சிஸ், உடம்பு முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை. கொட்டியது காலில், தடிப்போ வயிற்றிலும் முதுகிலும். உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், குரல் கரகரக்கும், சத்தி வரும், பிள்ளை வெளிறித் துவளும். பெரும்பாலும் நிமிடங்களுக்குள், பொதுவாக ஒரு மணித்தியாலத்துக்குள் தொடங்கும்.

இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, வேறொன்றும் ஈடாகாது. பாணி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள், இல்லை கையில் கிடைக்கிற வாகனத்தில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, அது பருத்தித்துறையோ தெல்லிப்பழையோ சாவகச்சேரியோ. துவண்ட பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல் படுக்கவையுங்கள். மூச்சு இழுக்கிற பிள்ளை இருக்க விரும்பினால் இருக்கட்டும்.

நாலு நாள் கழித்து

முதல் இரண்டு நாளில் வீக்கமும் சிவப்பும் கூடுவது அநேகமாக ஒவ்வாமைதான், அரிக்கும். மூன்றாம் நாலாம் நாளில் அரிப்பு போய் நோ தொடங்கி, இடம் சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் கிருமி பூந்துவிட்டது, வைத்தியரிடம் போக வேண்டும். இரவில்தான் அரிப்பு, விரலிடுக்கில்தான் தடிப்பு, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்கள் என்றால் அது சொறிச் சிரங்கு, பூச்சிக்கடி மருந்தால் போகாது.

இன்னும் ஒன்று, குளிக்க வார்க்கும்போது கவனியுங்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ சுருட்டுச் சுட்டது போல ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு, நோகாது, அரிக்காது, ஆனால் பிள்ளைக்கு விடாத காய்ச்சல். அது பற்றைகளில் இருக்கும் மிகச் சிறிய உண்ணியின் கடியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்தில் காண்கிறார்கள். சரியான மருந்து கொடுத்தால் சட்டென்று இறங்கும். ஆனால் அந்தப் பொருக்கை நீங்கள் காட்டினால்தான் வைத்தியருக்கும் அந்த நினைப்பு வரும்.

அக்காவின் மகளுக்கு அன்று நனைத்த துவாய் மட்டும் வைத்தோம், மற்ற இமை சரியாக ஏறி இறங்குகிறதா, பால் குடித்தாளா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னேரம் கண் பாதி திறந்தது, மறுநாள் இமையின் ஓரத்தில் கடலைப் பருப்பளவு தடிப்பு மட்டும் மிச்சம். அக்கா நுளம்புவலையைக் கழற்றிக் கொடியில் விரித்துப் பார்த்தபோது தலைமாட்டுப் பக்கம் இரண்டு ரூபாய்க் குத்தி அளவில் ஓர் ஓட்டை இருந்தது. அம்மம்மாதான் ஊசியில் நூல் கோத்துத் தைத்தார். தைத்துக்கொண்டே, இந்த ஓட்டைக்குள்ளாலதான் சிலந்தி வந்திருக்கு என்றார்.